ஆராய்ச்சி சொல்வதென்ன, நாம் கேட்பதென்ன?

பத்திரிகையில் வரும் விஞ்ஞானச் செய்திகளைப் படித்துவிட்டு உடனே அடுக்களையிற் சட்டம் இயற்றுவது நம்மவரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கம். எனக்கு நன்கு பழக்கமான ஒரு வீட்டில் இதனை நேரிற் கண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை. அடுப்பிற் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, திண்ணையிலிருந்த தாயாரைப் பார்த்து, "அம்மா, இனித் தேங்காயைக் குறைக்க வேணும். இருதயத்துக்குக் கூடாதெண்டு ஆராய்ச்சியிலை கண்டுபிடிச்சிருக்கினம்" என்றார்.

ஆச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "அறுபது வருஷமாய்த் திண்ட தேங்காய் இப்பதான் கூடாமற் போச்சுதோ?" என்று கேட்டவர், சற்று நேரம் யோசித்துவிட்டு, "போகட்டும் தம்பி. எனக்கும் கொஞ்ச நாளாய்ச் சம்பல் வாயை எரிக்குது" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கிழவி இத்துணை இலகுவில் இணங்கியதில் மகனுக்குப் பெரும் திருப்தி. மருமகளோ, போன மாதந்தான் இதே தேங்காயெண்ணெயைக் காலையில் ஒரு கரண்டி குடித்தால் உடலுக்கு நல்லதென்று கைத்தொலைபேசியிற் செய்தி வந்ததை நினைவூட்டினார். பிட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடுவதா, விடுவதா என்பது அன்று முடிவாகவில்லை.

இவ்வீட்டாரின் மயக்கத்துக்குக் காரணம் அவர்களுடைய அறியாமை என்று நான் கருதவில்லை. தேங்காயெண்ணெயைப் பற்றி உலகுக்கு வந்த செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எவருக்குந்தான் தலை சுற்றும். 2017ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க இருதயச் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 82 பங்கு நிரம்பிய கொழுப்பு உண்டு. அஃது இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்டரோலை உயர்த்துகின்றது. ஆதலால் அதனை விலக்குதல் நன்று என்பது அதன் சாரம். அடுத்த மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் ஆராய்ச்சியாளர் வேறொரு முடிவோடு வந்தனர். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தொண்ணூற்றுச் சொச்சம் பேரை மூன்று பிரிவாக்கி, நாள்தோறும் 50 கிராம் வீதம் ஒரு பிரிவினருக்குத் தேங்காயெண்ணெயும், மற்றொரு பிரிவினருக்கு வெண்ணெயும், மூன்றாம் பிரிவினருக்கு ஒலிவ் எண்ணெயும் நாலு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். வெண்ணெய் உண்டோருக்குக் கெட்ட கொலஸ்டரோல் ஏறிற்று. தேங்காயெண்ணெய் உண்டோருக்கு அவ்வாறு ஏறவில்லை. நல்ல கொலஸ்டரோலே கூடிற்று. தேங்காய் விடுதலையானது என்று பத்திரிகைகள் மகிழ்ந்திருந்த வேளையில், அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரிற் பேசிய பேராசிரியை ஒருவர் அதே எண்ணெயைத் தூய நஞ்சு என்று வருணித்துவிட்டார். இந்தியாவிலிருந்து கண்டனங் கிளம்பிற்று. 2020ஆம் ஆண்டில் 16 சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த கட்டுரையொன்று, மற்றைத் தாவர எண்ணெய்களைப் பார்க்கிலும் தேங்காயெண்ணெய் கெட்ட கொலஸ்டரோலை ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராமும், நல்லதை 4 மில்லிகிராமும் உயர்த்துகின்றது என்று அறிவித்தது.

மூன்றே ஆண்டுகளுக்குள் குற்றவாளியாகி, விடுதலையாகி, நஞ்சாகி, மீண்டும் விசாரணைக்கு வந்துவிட்டது நமது தேங்காய்! விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்வர், நாளை வேறொன்று சொல்வர் என்று நம்மவர் அலுத்துக்கொள்வதில் என்ன வியப்பு?

ஆனால் அந்த அலுப்பை ஒரு கணம் ஒத்திவைத்துவிட்டு நமது சந்தைக்கு வாருங்கள். மீன் விற்பவர், "விலையைப் பாதியாய்க் குறைச்சுப்போட்டன்" என்று கூவுகிறார். எழுத்தறியாத மூதாட்டிகூட, "முந்தி என்ன விலை சொன்னனீ?" என்று கேட்காமற் காசை அவிழ்ப்பாளா? அயல் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வந்தான் என்று கேள்விப்பட்டால், "வகுப்பிலை எத்தனை பிள்ளையள்?" என்ற வினா தானாகவே நாவில் வந்துவிடுகின்றது. எதனோடு ஒப்பிட்டு, எத்தனை பேரில் என்று கேட்கும் அறிவு நமக்கு இயல்பாகவே உண்டு. விஞ்ஞானம் என்ற சொல்லைக் கண்டதும் அவ்வறிவைச் செருப்போடு வாசலிற் கழற்றி வைத்துவிடுகிறோம், குறை அதுதான்.

அந்த வினாவைத் தேங்காய் விடயத்திற் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கச் சங்கத்தினரின் அறிவுரை, நிரம்பிய கொழுப்புக்குப் பதிலாகச் சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களைக் கொள்ளுங்கள் என்பது. கேம்பிறிட்ஜில் அதற்கு எதிரே நின்றவற்றுள் ஒன்று வெண்ணெய். வெண்ணெய்க்குப் பக்கத்தில் நிறுத்தினால் தேங்காயெண்ணெய் நல்ல பிள்ளை. சூரியகாந்திக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அத்துணை நல்ல பிள்ளையன்று. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கலாம். ஒலிவ் எண்ணெயோடும் அது சமமாக நின்றதே என்பீர்கள், மெய்தான். எனினும் அது நாலு கிழமைச் சோதனை. வேர்ஜின் வகை எண்ணெயைக் கொண்டு நடத்தியது. கடையில் நாம் வாங்கும் கொப்பறா எண்ணெய் அன்று. பதினாறு சோதனைகள் சேர்ந்து கூறுவதற்கு எதிரே ஒரு சோதனையின் குரலுக்கு உரிய நிறையைத்தான் கொடுக்கலாம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இவை யாவும் அளந்தது இரத்தத்தை. எவருக்கு மாரடைப்பு வந்தது, எவருக்கு வரவில்லை என்பதையன்று.

வாழ்க்கையையே அளந்த ஆராய்ச்சி இல்லையா என்றால், உண்டு. பசிபிக் சமுத்திரத்திலுள்ள தொக்கலாவு, புக்காபுக்கா என்னும் பவளத் தீவுகளின் மக்களை நியூசிலாந்து வைத்தியர்கள் ஆராய்ந்து 1981இல் எழுதினார்கள். தொக்கலாவு மக்கள் உண்ட உணவின் சக்தியில் நூற்றுக்கு 63 பங்கு தேங்காயிலிருந்தே வந்தது. யாழ்ப்பாணத்துச் சொதியெல்லாம் இதன் முன்னே நிற்க முடியாது! அவர்களுக்குக் கொலஸ்டரோல் புக்காபுக்காவாரைவிட உயர்ந்திருந்தது. ஆயினும் இரு தீவிலும் இருதய நோய் அருமையாகவே காணப்பட்டது. இதைப் படித்துவிட்டுப் பொரியலை இரட்டிப்பாக்க எண்ணுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். அத்தீவினர் தேங்காயோடு சேர்த்து உண்டது மீனும் ஈரப்பலாவும். சீனியும் கோதுமை மாவும் அவர்களுடைய பழைய உணவிற் பெரும்பங்கு பெறவில்லை. உடலுழைப்போ நாள் முழுவதும். அவர்களிற் பலர் நியூசிலாந்திற் சென்று குடியேறியபின் உடல் பருத்தனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவர்களிடையே மிகுந்தன. ஆகவே சோற்றுக்கும் பாணுக்கும் சீனித் தேநீருக்கும் மேலே தேங்காயை ஊற்றும் நம்மை எந்தத் தீவாரோடு ஒப்பிடுவது?

தேங்காய் விடயத்திற் கேள்வி கேட்கத் தவறினால் ஒரு நாள் சம்பல் போகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டார் முழுவதும் அதே கேள்வியைக் கேட்கத் தவறியதால் நேர்ந்த துன்பம் ஒன்றுண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், பிரித்தானியாவில் மருந்துகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு வைத்தியர்களுக்கு அவசர அறிவித்தல் ஒன்றை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்களுக்கு, பழைய வகையை உட்கொள்வோரைவிட, நாளங்களில் இரத்தம் கட்டிபடும் அபாயம் இருமடங்கு என்பது அதன் பொருள். இருமடங்கு என்ற சொல் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிட்டனர்.

எதற்கு இருமடங்கு? ஓராண்டில் ஒரு இலட்சம் பெண்களை எடுத்துக்கொண்டால், பழைய மாத்திரையில் ஏறக்குறைய 15 பேருக்கு அக்கட்டி உண்டாகும். புதியதில் 30 பேருக்கு. இருமடங்கு என்பது பொய்யன்று. ஒரு இலட்சத்துக்குப் பதினைந்து பேர் கூடுதல் என்பதும் பொய்யன்று. முன்னதைக் கேட்டவர் மாத்திரையை வீசுவார். பின்னதைக் கேட்டவர் அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கேட்டுக்கொள்வோம் என்பார். மனத்தை வருத்தும் செய்தி இனித்தான் வருகிறது. கருவுற்ற பெண்களுக்கு இதே அபாயம் ஒரு இலட்சத்துக்கு ஏறக்குறைய 60. அதாவது, கட்டிக்கு அஞ்சி மாத்திரையை விட்டுக் கருவுற்றவர்கள் முன்னையதிலும் பெரிய அபாயத்துக்குள்ளேயே போனார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறக்குறைய 13,000 கூடின என்று பின்னர் கணக்கிட்டனர். எச்சரித்த குழுவினர் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கேட்டிருக்கலாம்; எவரும் கேட்கவில்லை.

ஒப்பீடு பிழைத்த மற்றொரு கதை நம் வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றது. 2015ஆம் ஆண்டு, பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், சொசேஜ், பேக்கன் முதலிய பதனிட்ட இறைச்சிகளைப் புற்றுநோய் விளைக்கும் பொருட்களின் முதலாம் பிரிவிற் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவு. உடனே, சொசேஜ் உண்பது சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று தலைப்புகள் எழுந்தன. அப்பிரிவு தீங்கின் அளவைக் குறிப்பதன்று. தீங்கு உண்டென்பதற்கான சான்றின் உறுதியைக் குறிப்பது. உலகில் ஆண்டுதோறும் பதனிட்ட இறைச்சியால் விளையும் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 34,000 என்றும், புகையிலையால் ஏறக்குறைய பத்து இலட்சம் என்றும் அந்நிலையம் அப்போதே எடுத்துக்காட்டியது.

அந்த முதலாம் பிரிவிற் பாக்கும் இருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு 1985இலேயே புற்றுநோய்க்குக் காரணமெனத் தீர்க்கப்பட்டது. புகையிலை இல்லாவிடினும் பாக்கே போதும் என்பது 2004இல் உறுதியாயிற்று. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கும் அது வாராமலில்லை. இதனைப் புதிய கண்டுபிடிப்பு என்று எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்திற் போடப்போவதில்லை. ஏனெனில் இது புதிதன்று. இன்றைய தலைப்பில் வரும் தேங்காய் இன்னும் வழக்காடு மன்றத்தில் நிற்கிறது. தலைப்பில் வாராத பாக்கின் வழக்கோ எப்போதோ தீர்ந்துவிட்டது. பாக்குப் போடுவோருக்கு நோய் முற்றுமுன் வாயே சில அறிகுறிகளைக் காட்டுவதுண்டு. உள்ளே வெண்மை படரும். வாய் முழுதாகத் திறவாது. உறைப்புப் பட்டால் எரியும். காலத்தோடு காட்டினால், புற்றாக மாறுமுன் கண்டுகொள்ளலாம்.

சில கிழமை கழித்து அந்த வீட்டுக்கு மீண்டும் போயிருந்தபோது இந்த ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எரிவு என்ற சொல்லைக் கேட்டதும் மருமகள் சட்டென்று எழுந்து திண்ணைக்குப் போனார். "மாமி, ஒருக்கால் வாயைத் திறவுங்கோ" என்றார். ஆச்சி திறந்தார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் அது திறக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, போன சித்திரைக்கு முந்தியே தொடங்கியது, கிழடாகிவிட்டால் எல்லாம் இறுகத்தானே செய்யும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அரசினர் வைத்தியசாலைப் பல்வைத்தியரிடம் போவதென்று முடிவாயிற்று. மகன் வாய் திறவாமல் நின்றார். ஆச்சி தட்டத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இதையும் கொண்டு வரட்டோ, வீட்டிலை விட்டிட்டு வரட்டோ?" என்று கேட்டார்.

"கொண்டு வாங்கோ மாமி. என்னென்ன போடுறியள் எண்டு டொக்டர் பார்க்கட்டும்" என்றார் மருமகள்.