வலிப்பும் நினைவும்

வலிப்பு என்றால் கை, கால் இழுப்பதுதான் என்று நினைக்கிறோம், இல்லையா? சிலருக்கு அது சொந்த நினைவுகளையும் தொட்டுவிடுகிறது.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற சிறு பகுதி இருக்கிறது. நடந்ததை மனத்தில் பதிய வைக்க அது வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்த, இரு பக்கமும் அதன் பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, புது நினைவு தங்கவேயில்லை!

யானைக்கவுனியில் எங்களோடு இருக்கும் நாத்தனாருக்கும் அந்தப் பகுதியில்தான் வலிப்பு. ரசம் வைக்கும் பக்குவம் மறக்கவில்லை. தன் வளைகாப்பு மறந்துவிட்டது. "அக்கறை இருந்தா மறக்குமா அண்ணி?" என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அக்கறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சகோதரிகளே!

போட்டோவின் பின்னால் தேதி, பெயர் எழுதி வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்போடு மறதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.