கார் ஓடும், விதிகள் விடுமா?

புது தில்லி: 2025 ஜூலை 1-ஆம் தேதி காலை, தில்லியின் பெட்ரோல் நிலையங்களில் போலீஸாரும் போக்குவரத்துத் துறை ஊழியர்களும் நிறுத்தப்பட்டிருந்தனர். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற உத்தரவு அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவெண்ணைப் படித்து வயதைச் சொல்லும் கேமராக்கள் நிலையங்களில் பொருத்தப்பட்டிருந்தன. மூன்றாம் நாளே, உத்தரவை நிறுத்திவைக்கும்படி தில்லி அரசு காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. ஜூலை 8-ஆம் தேதி ஆணையம் அதை நவம்பர் வரை ஒத்திவைத்தது.

இந்த ஒரு வாரக் குழப்பத்தில் அதிகம் கலங்கியவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். அவர்களின் கார்கள் பத்தாம் ஆண்டைக் காண்பது அரிது. கலங்கியவர்கள், மயூர் விஹாரில் குடியிருந்து குருகிராமில் பணிபுரிவோரும், ஃபரீதாபாதிலிருந்து நொய்டாவுக்கு நாள்தோறும் சென்று திரும்புவோருமான நடுத்தர வர்க்கத்தினர். வேலை ஒரு மாநிலத்தில், வீடு வேறொரு மாநிலத்தில் என்பது தலைநகர் வட்டாரத்தில் இயல்பான வாழ்க்கை. மெட்ரோ ரயில் 2009-இல் நொய்டாவையும் 2010-இல் குருகிராமையும் எட்டிவிட்டது உண்மைதான். ஆனால், நள்ளிரவில் பணி முடிவோருக்கும், ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வெகு தொலைவில் இருப்போருக்கும் காரே கதி.

இவர்களில் பலர் டீசல் காரைத் தேர்ந்தெடுத்தது ஆசையால் அல்ல, கணக்கால். அந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தது அரசு. 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாட்டை விலக்கிய மத்திய அரசு, டீசல் விலையைத் தன் பிடியிலேயே வைத்துக் கொண்டது. 2012 மே மாத இறுதியில் தில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது, டீசல் 41 ரூபாயைக்கூட எட்டவில்லை. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம். கூடவே கூடுதல் மைலேஜ். டீசல் ஸ்விஃப்ட் காருக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

டீசல் விவசாயிகளின் எரிபொருள், லாரிகளின் எரிபொருள் என்று நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி முழங்கப்பட்ட காலம் அது. மானிய டீசல் சொகுசுக் கார்களின் தொட்டிக்கும் சேர்த்தே போய்க் கொண்டிருந்தது. டீசல் கார்கள் மீது கூடுதலாக 80 ஆயிரம் ரூபாய் உற்பத்தி வரி விதிக்கலாம் என 2010 பிப்ரவரியில் கிரித் பாரிக் குழு பரிந்துரைத்தது. அதை ஏற்றிருந்தால், வாங்கும்போதே மக்களுக்கு உண்மை விலை தெரிந்திருக்கும். அரசு ஏற்கவில்லை.

பிறகு காட்சிகள் வேகமாக மாறின. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2015 ஏப்ரலில், 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆயுட்கால வரியும் வாங்கும்போதே கட்டியாகிவிட்டது. அதே காருக்குத் தலைநகரில் மட்டும் ஆயுள் பத்து ஆண்டு என்றானது. புகையால் மூச்சுத் திணறும் நகரில் நீதிமன்றம் கடுமை காட்டியதில் தவறு காண இயலாது. ஆனால், அரசின் விலைக் கொள்கையை நம்பி வாங்கியவரின் ஐந்து ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எந்த அமைச்சகமும் பதில் சொல்லவில்லை.

2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17-ஆம் தேதி அதையும் திருத்தி, பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உடைய வாகனங்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு என வரையறுத்தது. 2015-இல் வாங்கிய பி.எஸ்.-4 டீசல் கார் இதனால் தப்பித்தது. ஆனால் முழுமையாக அல்ல. குளிர்காலத்தில் காற்று மாசு மிகக் கடுமையாகி, தடுப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் அறிவிக்கப்பட்டால், பி.எஸ்.-4 டீசல் கார்கள் தில்லி, குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத், கௌதம புத்த நகர் ஆகிய பகுதிகளில் ஓட முடியாது. மீறினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். அலுவலகமோ அன்றும் உண்டு.

அப்படியானால் இன்று புதிதாகக் கார் வாங்குபவர் எதைத் தேர்வது? நாளொன்றுக்கு 75 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 22,500 கி.மீ. ஆகிறது. பெட்ரோல் கார் நெரிசலில் லிட்டருக்கு 18 கி.மீ. தருவதாகவும், விலை 95 ரூபாய் என்றும் கொண்டால், ஆண்டுச் செலவு சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். சிஎன்ஜி கார் கிலோவுக்கு 25 கி.மீ. தந்து, எரிவாயு கிலோ 77 ரூபாய் என்றால் 69 ஆயிரம் ரூபாய்க்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். நிறுவனங்கள் சொல்லும் மைலேஜை இங்கே எடுத்துக் கொள்ளவில்லை. வேகன்-ஆர் சிஎன்ஜி காருக்குச் சான்றளிக்கப்பட்ட அளவு 34.05 கி.மீ.; அது சோதனைக்கூடத்துக் கணக்கு, மாலை ஆறு மணிக்கு மஹிபால்பூரில் ஊர்ந்து செல்வோரின் கணக்கு அல்ல.

சிஎன்ஜி வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 90 ஆயிரம் ரூபாய் அளவிலான தொகை, இந்தத் தொலைவு ஓடுவோருக்கு இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடும். தினம் 20 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு ஏழு ஆண்டுகள் ஆகலாம். அவருக்கு இது தேவையில்லை. சிஎன்ஜியின் குறை வேறு. தொட்டியில் எட்டு, ஒன்பது கிலோவுக்கு மேல் கொள்ளாது என்பதால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எரிவாயு நிலைய வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை சில நேரங்களில் அரை மணி நேரத்தையும் விழுங்கிவிடும். பெட்டி வைக்கும் இடத்தை உருளை அடைத்துக் கொள்வது இன்னொரு குறை. டாடா நிறுவனம் 2023-இல் இரட்டைச் சிறு உருளைகளைத் தரைத்தளத்தின் கீழ் பொருத்தி இதற்கு ஒரு வழி கண்டது. ஹூண்டாய் 2024-இல் பின்பற்றியது. உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நெரிசலில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓட்டுபவரின் இடது காலும், காரின் கிளட்சும்தான் முதலில் தேய்பவை. 2014-இல் செலெரியோ கார் மூலம் இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி. எனப்படும் எளிய தானியங்கி கியர் முறை, மைலேஜைக் குறைக்காமல் இந்தச் சிரமத்தைக் குறைத்தது. சிஎன்ஜி கார்களில் 2024 முதல் அதுவும் கிடைக்கிறது.

டீசலின் நிலை மேலும் சிக்கலானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. எஞ்சிய டீசல் கார்களில் உள்ள கரித்துகள் வடிகட்டி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் போதிய சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும். ஊர்ந்து செல்லும் நகரப் பயணத்தில் அது அடைத்துக் கொண்டு பணிமனைச் செலவு வைக்கும்.

பெட்ரோலே பாதுகாப்பு என்று ஒதுங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025-இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானது. இதற்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. இழப்பு சொற்பமே என்றது பெட்ரோலிய அமைச்சகம். எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பழைய கார் வாங்குபவர்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரிக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

சலுகைகளும் நிலையானவை அல்ல. 2016-இல் ஒற்றை-இரட்டை எண் திட்டத்தின்போது சிஎன்ஜி கார்களுக்கு விலக்கு இருந்தது. அதே திட்டம் 2019 நவம்பரில் மீண்டும் வந்தபோது அந்த விலக்கு போய்விட்டது. மின்சாரக் கார்களுக்கு அப்போதும் விலக்கு இருந்தது.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், சிறிய பெட்ரோல், சிஎன்ஜி கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ஒரு யூனிட்டில் 7 கி.மீ. ஓடி, யூனிட் 8 ரூபாய் என்றாலும் ஆண்டுச் செலவு 26 ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கணக்கில் இதை வெல்ல எதுவுமில்லை. ஆனால், தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்றாம் மாடிக்காரருக்கு நிரந்தர வாகன நிறுத்துமிடமே கிடையாது. மின்னூட்டம் எங்கே செய்வது? பொது மின்னூட்ட நிலையத்தில் கட்டணம் ஏறும், சேமிப்பு குறையும். சொந்த நிறுத்துமிடமும் அதில் ஒரு மின் இணைப்பும் உள்ளவர் தயங்க வேண்டியதில்லை. மற்றவருக்கு இன்றைய நிலையில் சிஎன்ஜிதான் பொருத்தம்.

தில்லியில் பத்து ஆண்டைக் கடந்த டீசல் கார்கள், தடையில்லாச் சான்று பெற்று மலிவு விலையில் பிற மாநிலங்களுக்குச் செல்வது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவற்றில் சில தமிழகத்துக்கும் வருகின்றன. வாங்குவோர் மறுபதிவுக்கும் புதிய வரிக்கும் ஆகும் தொகையை முன்கூட்டியே விசாரித்து, விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.