நூலாக முடியாத நார்

தாவர நார்களை ஒரு பிணைப்புப் பொருளோடு சேர்த்து அழுத்திச் செய்வதுதான் இயற்கை நார்க் கலப்புப்பொருள். இறுக்கமாக அழுத்தினால் அது கெட்டிப் பலகை. தளர்வாக விட்டால் வெப்பத்தைத் தடுத்து ஓசையை உறிஞ்சும் ஃபெல்ட். கெட்டிப் பலகைக்குப் பேர்பெற்ற சான்று கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார். இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்டில், பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் கலந்து வண்டியின் வெளிப்புறப் பலகைகளை வார்த்தார்கள். 1991 வரை 30 லட்சம் வண்டிகளுக்கு மேல் அப்படி உருவாயின.

ஃபெல்ட்டுக்கு வேண்டிய பருத்தி, தென்னை நார்கள் இரண்டும் திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. நகரில் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட். உடுமலை, காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தென்னை நார் ஆலைகள்.

கட்டிங் வேஸ்ட் எல்லாமே இதற்கு உகந்தது என்று எண்ணக்கூடாது. நல்ல பருத்தித் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, நாராகக் கிழித்து, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் மறுபடி நூலாக்கிவிடுகின்றன. நிறம் ஏற்கெனவே இருப்பதால் அந்த நூலுக்குச் சாயம் தேவையில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைக் கண்ட ஊருக்கு இது சிறிய லாபமல்ல. அப்படிப்பட்ட துண்டைக் கூரைக்கடியில் திணிப்பது வீண். ஃபெல்ட்டுக்குப் பொருத்தமானவை நூலாக முடியாதவை: லைக்ரா கலந்த துண்டுகள், பல நிறம் கலந்துபோனவை, மில்லில் கழிந்து விழும் குட்டை நார். நூற்பவருக்குத் தொல்லையான குட்டை நீளம் இங்கே குறையே அல்ல.

காரணம், வெப்பத்தைத் தடுப்பது நார் அல்ல, நார்களுக்கிடையில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. வெப்பம் கடத்தும் திறனை மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்று அளப்பார்கள். அசையாத காற்றுக்கு அது சுமார் 0.026, பருத்தி ஃபெல்ட்டுக்கு 0.04 அளவில், செங்கல் சுவருக்கு ஏறக்குறைய 0.7. கணக்குப் போட்டால், 5 செ.மீ. ஃபெல்ட் ஒன்று 9 அங்குலச் செங்கல் சுவரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். கோடை நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும் தகரக் கூரையின் கீழ் தையல் மிஷின்கள் ஓடும் ஊரில் இந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. ஆனால் ஃபெல்ட் அமுங்கினால் காற்று வெளியேறிவிடும், பலனும் குறையும்.

இங்கேதான் தென்னை நார் வருகிறது. பருத்தி மெல்லியது, சீக்கிரம் அமுங்கிவிடும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் மிகுந்த தென்னை நார் விறைப்பானது; பருத்தியைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன்; எளிதில் மக்காது. அது எலும்புக்கூடாக நிற்க, இடுக்குகளைப் பருத்தி நிரப்புகிறது.

ஓசைக்கும் இந்தக் கூட்டணி உதவும். ஒலி என்பது காற்றின் அதிர்வு. நுண்ணிய இடுக்குகளில் நுழைந்து உராயும்போது அதன் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. தென்னை நார் மட்டும் இருந்தால் இடுக்குகள் பெரிதாகி, ஒலி பெரிதும் தடையின்றிக் கடந்துவிடும். தடிமனும் முக்கியம்; அது ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்கினால்தான் ஃபெல்ட் நன்றாக உறிஞ்சும்: 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு 8.5 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கு 85 செ.மீ. ஆகவே கீச்சொலி எளிதில் அடங்கும். மோட்டாரின் உறுமலுக்கு மெல்லிய ஃபெல்ட் பயன்படாது. ஃபெல்ட்டுக்கும் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால் ஓரளவு ஈடுகட்டலாம்.

பல்லடம் விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே ஃபெல்ட் பதித்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் குறையும். தறியிலிருந்து காதுக்கு நேரே வரும் ஓசை அப்படியே வரும். தறி ஓட்டுபவருக்குக் காதடைப்பான் இன்னும் தேவை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கவும் ஃபெல்ட் போதாது. அதற்குக் கனத்த சுவர்தான் வேண்டும்.

செய்முறை சிக்கலானதல்ல. நார்களைக் கார்டிங் மிஷினில் சீவி அடுக்கி, முள்ளூசிகளால் குத்திப் பின்னவைக்கிறார்கள். கெட்டிப்பட, சுமார் 110 டிகிரியில் மேலுறை உருகும் பாலியஸ்டர் நாரைக் கலந்து சூடேற்றுகிறார்கள். இப்படிச் செய்ததை மண்ணில் மக்கும் பொருளென்று விற்பது சரியல்ல. மெத்தைக்குச் செய்வதுபோல் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துப் பிணைப்பது மாற்றுவழி.

பருத்தியின் பெரிய பலவீனம் நெருப்பு. பஞ்சுக் குடோன் தீ இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. போரிக் அமிலமும் போராக்ஸும் ஏற்றினால் தீ பரவும் வேகம் குறையும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அதுவே தடை. ஆனால் இரண்டும் நீரில் கரைபவை. கூரை ஒழுகினால் மருந்தும் கரைந்து போகும். காற்று இருந்த இடத்தில் அதைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் தண்ணீர் நிற்கும். ஆகவே ஃபெல்ட் பதிக்குமுன் தகரத்தின் ஆணித் துளைகளை அடைத்தாக வேண்டும்.