காளான் காட்டும் மயக்கமும் மனச்சிதைவு நோயும்

 

ஓராண்டு இடைவெளியில் இரண்டு தகப்பனார்கள் சுரக்குடியில் என்னைத் தேடி வந்தார்கள். இருவருடைய கேள்வியும் ஒன்றே: “ஹஜ்ரத், பிள்ளையை ஜின் தீண்டியிருக்குமோ?”

முதலாமவரின் மகன் கல்லூரித் தோழர்களுடன் கொடைக்கானல் சென்றவன். அங்கே திருட்டுத்தனமாக விற்கப்படும் போதைக் காளானைத் தின்றிருக்கிறான். சுவர் மூச்சு விடுவது போலவும், வண்ணங்கள் உருகி ஓடுவது போலவும், தான் என்ற ஒருவனே இல்லாமற் போனது போலவும் கண்டு அலறியிருக்கிறான். விடிவதற்குள் தெளிந்துவிட்டது, அச்சம் மட்டும் தங்கிவிட்டது.

இரண்டாமவரின் மகன் எதையும் தின்றவனல்லன், குடித்தவனுமல்லன். தோழர்களை விட்டு ஒதுங்கினான்; குளிப்பதை நிறுத்தினான்; தனியே பேசினான். தெருவார் அனைவரும் தன்னையே ஏசுவதாகச் சொன்னான். அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஓதித் தண்ணீர் கொடுத்தேன். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தவறினேன். அந்தத் தவற்றின் சுமையே இக்கட்டுரையை எழுத வைத்தது.

இரண்டும் ஒன்றா?

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். இல்லாதது இருப்பதாகத் தெரிகிறது. சொல்லாதது சொல்லப்பட்டதாகக் கேட்கிறது. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியது. சுவிட்சர்லாந்து வேதியியலார் ஆல்பர்ட் ஹாஃப்மன் எல்.எஸ்.டி. என்ற பொருளின் மயக்க ஆற்றலை 1943-இல் கண்டறிந்தபோது, மனச்சிதைவு நோயைச் சில மணி நேரம் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கும் வழி கிடைத்துவிட்டது என்று பல மருத்துவர்கள் கருதினர். போதைக் காளானிலுள்ள சைலோசைபின் என்ற பொருளையும் அவரே 1958-இல் பிரித்தெடுத்தார்.

பின்னர் வந்த ஆய்வுகள் வேறுபாட்டை வெளிப்படுத்தின. நம் மூளையின் நரம்பணுக்கள் சில வேதிப்பொருள்களைக் கொண்டே ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. செரட்டோனின், டோபமின் என்பவை அவற்றுள் இரண்டு. காளானின் நஞ்சு செரட்டோனினுக்குரிய வாயில் ஒன்றைத் தட்டித் திறக்கிறது. மனச்சிதைவிலோ, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு பகுதியில் டோபமின் மிகுதியாகச் சுரப்பது பலரிடம் காணப்பட்டுள்ளது.

1998-இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் இதனைத் தெளிவாகக் காட்டினர். சைலோசைபின் கொடுக்கப்பட்டவர்களுக்கு டோபமின் வாயிலை அடைக்கும் ஹாலோபெரிடால் மருந்தைக் கொடுத்தபோது மயக்கம் அடங்கவில்லை. செரட்டோனின் வாயிலை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது அடங்கியது. அந்த ஹாலோபெரிடாலோ மனச்சிதைவு நோயாளிகளின் காதில் ஒலிக்கும் குரல்களை அடக்க நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது! ஆகவே, ஊர் ஒன்று போலத் தெரிந்தாலும் அங்கே கொண்டு சேர்த்த பாதைகள் வேறு.

மூளைக்குள் நடப்பது என்ன?

2012-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 30 பேருக்குச் சைலோசைபின் செலுத்திப் படம் எடுத்தனர். மூளை வெறிபிடித்துக் கொதிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பே மிஞ்சியது. ‘நான்’ என்ற எண்ணத்தோடும் தன்னைப் பற்றிய நினைவோட்டத்தோடும் தொடர்புடைய நடுப்பகுதிகளில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. நம் ஆற்றுப்பாசனத்தில் மதகுகள் யாவும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால் எந்த வாய்க்கால் நீர் எது என்று தெரியாமல் கலந்துவிடுமல்லவா? அதுபோல எல்லைகள் தளர்ந்துபோகின்றன. 2016-இல் எல்.எஸ்.டி.யைக் கொண்டு நடந்த ஆய்வில், பார்வைக்குரிய பகுதி மூளையின் வேறு பல பகுதிகளோடு வழக்கத்துக்கு மீறிப் பிணைந்திருந்தது. கண்ணை மூடினாலும் காட்சிகள் தோன்றுவதற்கு அதுவே காரணமெனக் கருதுகின்றனர்.

மனச்சிதைவில் பெரும்பாலும் துன்புறுத்துவது காட்சியன்று; குரல். நோயாளிகளுக்குக் குரல் கேட்கும் வேளையிலேயே 1993-இல் இலண்டனில் மூளையைப் படம்பிடித்தனர். பேச்சை உருவாக்கும் பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. தன் மனத்துக்குள் எழும் பேச்சைத் தன்னுடையதென அறிய முடியாமல், பிறர் பேசுவதாக மூளை கொள்கிறது என்பது அறிஞர் பலரின் விளக்கம். ‘தெருவார் ஏசுகிறார்கள்’ என்று அந்தப் பிள்ளை சொன்னது பொய்யன்று. அவன் உண்மையாகவே கேட்டான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காளானின் மயக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரத்தில் தணிகிறது. அதைத் தின்றவருக்குத் தாம் தின்றது பெரும்பாலும் நினைவிருக்கும். மனச்சிதைவோ மாதக்கணக்கில் நீள்கிறது. தாம் நோயுற்றிருப்பதே நோயாளிகள் பலருக்குத் தெரிவதில்லை. ஆயினும், எந்தப் படத்தை எடுத்தும் இந்நோயை உறுதிசெய்ய இயலாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கட்டி முதலியவை இல்லை என்று அறியவே மருத்துவர்கள் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். நோயை அறிவது பேசியும் கவனித்தும்தான்.

‘சில மணி நேரம்தானே’ என்னும் இளைஞனுக்கு

பரம்பரையில் இந்நோய் உள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய பொருள்கள் பேராபத்து. வெளிநாடுகளில் சைலோசைபின் ஆய்வு நடத்துவோரே அத்தகையவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. கஞ்சாவின் கதை இன்னும் கொடிது. ஸ்வீடன் நாட்டில் 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்தாண்டுகள் பின்தொடர்ந்து 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடையே மனச்சிதைவு ஆறு மடங்கு காணப்பட்டது. நம் நாட்டிலும் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி சைலோசைபின், எல்.எஸ்.டி. வைத்திருப்பதே குற்றம்.

மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முதலான மேதைகள் வகுத்தனர். அறிவைக் காப்பதற்கென்றே மயக்கம் தரும் யாவும் விலக்கப்பட்டன. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் ஸர்கஷீ (ரஹ்) ஹஷீஷ் ஹராம் என்பதை விளக்கத் தனி நூலே இயற்றினார்.

ஓதுவோம், மருந்தும் கொடுப்போம்

ஜின் உண்டென்பது நம் ஈமானைச் சேர்ந்தது. ஆனால், ஒவ்வொரு நோய்க்கும் ஜின்னைக் காரணமாக்க மார்க்கம் சொல்லவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். சித்தம் தெளியும்வரை நோயாளியின் மீது கடமைகள் இல்லை என்பது ஃபிக்ஹின் தீர்ப்பு. கெய்ரோவில் 1284-85-இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. இது நம் முன்னோர் வழி.

நாம் என்ன செய்தோம்? 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் மாண்டவர்கள் 28 பேர். அதன் பின்னரே நாடு விழித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அதே ஏர்வாடி தர்காவில், ‘தவா - துஆ’ என்ற பெயரில் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் இணைக்கப்பட்டது நமக்கெல்லாம் பாடம்.

சகோதர, சகோதரிகளே! உங்கள் பிள்ளை ஒதுங்கினால், உறங்காவிட்டால், காரணமின்றிப் பிறரைச் சந்தேகித்தால், யாருமில்லாதபோது பதில் பேசினால் காலம் தாழ்த்தாதீர்கள். எதையேனும் தின்றானா, புகைத்தானா என்பதை அடிக்காமல், ஏசாமல் கேட்டறிந்து மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ இந்நோய்க்கென்றே பணியாற்றி வருகிறது. சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நன்மை. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவதுண்டு.

அந்த இரண்டாவது பிள்ளை இன்று தகப்பனாரின் கடையில் கணக்கு எழுதுகிறான். மாத்திரை தொடர்கிறது. “குரல் இன்னும் கேட்கிறதா?” என்று ஒருநாள் கேட்டேன். “சில நேரம் கேட்கும், ஹஜ்ரத். ஆனால் அது நோய் என்று இப்போது எனக்குத் தெரியும்” என்றான். இன்றும் அவனுக்காக ஓதுகிறேன். ஓதி முடித்ததும் மாத்திரை போட்டாயா என்றும் கேட்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவைப் பாதுகாப்பானாக! நோயுற்றோருக்கு நிறைவான ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.