துருவை வெல்லும் வண்ணம்

கொல்கத்தாவின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. 1943ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஹவுரா பாலத்திற்கும், வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வண்ணப்பூச்சே கவசமாகும்.

பட்டறைக் கூலி கொடுக்க இயலாதோர், ஸ்பிரே டப்பாவைக் கொண்டு வீட்டிலேயே வண்ணம் பூசுவர். அமெரிக்கரான எட்வர்ட் சீமோர் 1949இல் இதனை உருவாக்கினார்.

முதலில் வண்டியைக் கழுவி, எண்ணெய்ப்பசை நீக்கி, உலர்த்துதல் வேண்டும். பின்னர் உப்புத்தாளால் துருவை முழுதும் தேய்த்தெடுத்தல் வேண்டும்; எஞ்சிய துரு புதுவண்ணத்தின் அடியிலும் பரவும். விளக்கையும் எஞ்சினையும் செய்தித்தாளால் மூடிவிட்டு, பிரைமர் பூசி உலரவிடுவர். அதன்பின் டப்பாவை நன்கு குலுக்கி, ஏறத்தாழ 25 செ.மீ. தொலைவிலிருந்து மெல்லிய பூச்சுகளாகத் தெளிப்பர். ஒரே முறையில் தடிப்பாகத் தெளித்தால் வண்ணம் வழிந்துவிடும்.

மழைக்கால ஈரத்தில் பூசினால் வண்ணம் வெளிறக்கூடும். ஆதலால் செப்டம்பர் மாத விசுவகர்மா பூசைக்கு வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் வெயில் நாளுக்குக் காத்திருத்தல் நன்று.

டப்பாவிலுள்ள வாயு எளிதில் தீப்பற்றும். வண்ணத்துகள் நுரையீரலுக்குத் தீங்கு தரும். எனவே அடுப்பருகிலோ மூடிய அறையிலோ தெளித்தல் கூடாது. முகக்கவசம் அணிந்த பெரியவரே இப்பணியைச் செய்தல் வேண்டும். பதிவுச் சான்றில் வண்டியின் நிறம் குறிக்கப்பட்டிருப்பதால், பழைய நிறத்தையே மீண்டும் பூசுவது எளிது.

சிக்கனம் என்பது பொருளைக் குறைப்பதன்று. இருக்கும் பொருளைக் காத்து நெடுநாள் பயன்படுத்துவதே ஆகும்.