தெற்கின் பருவங்கள் – 9: மலையேறிய புயல்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இலையுதிர்காலம் என்பது ஊர் கூடும் காலம். வட கரோலினாவின் மேற்கு மலைகளில் எந்த உயரத்தில் இலை சிவந்திருக்கிறது, எந்தச் சரிவுக்கு இன்னும் ஒரு வாரம் பிடிக்கும் என்பதெல்லாம் அக்டோபரில் உள்ளூர் நாளிதழ்களுக்குச் செய்தி. ஹென்டர்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆப்பிள் பறிப்பு, தலைநகர் ராலேயில் மாநிலக் கண்காட்சி, தேவாலய முற்றங்களில் பூசணிக்காய் விற்பனை என்று மாதம் நிறைந்திருக்கும். பானர் எல்க் என்ற சிற்றூரில் கம்பளிப்பூச்சிகளை நூலில் ஏறவிட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். வென்ற பூச்சியின் உடலில் உள்ள 13 வளையங்கள் வரப்போகும் குளிர்காலத்தின் 13 வாரங்களுக்குக் குறி சொல்லும் என்பது நம்பிக்கை: கறுப்பு என்றால் கடுங்குளிர், பழுப்பு என்றால் இதமான வாரம். அறிவியல் இதை ஏற்காது. ஆனால் வானிலையை ஊரே கூடிநின்று படிக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அப்படிப்பட்ட மலைநாட்டில்தான் 2024 செப்டம்பர் 27 அன்று தாக்கிய ஹெலீன் புயலுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத பேரிடர் என்று அதன் பிறகு திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அந்தச் சொல்லை ஏற்க முடியாது என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திப் பார்ப்போம். புயல் செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவின் பிக் பெண்ட் கடற்கரையில், பெர்ரி என்ற ஊருக்கு அருகே, மணிக்கு சுமார் 225 கி.மீ. வேகக் காற்றுடன் கரை கடந்தது. அங்கிருந்து சுமார் 600 கி.மீ. வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் இருக்கும் ஆஷ்வில் நகரத்தில் அதற்கு முந்தைய நாளே கனமழை கொட்டத் தொடங்கிவிட்டது. புயலுக்கு முன்னோடியாக வந்த ஈரக்காற்று, நகராமல் நின்றுவிட்ட ஒரு வானிலை முகப்பில் மோதியதால் பெய்த மழை அது. மண் அதிலேயே ஊறிவிட்டது. 27 காலையில் புயலே வந்தபோது, ஊறிய மண்ணுக்குக் குடிக்க இடமில்லை. யான்சி கவுண்டியின் பியூசிக் என்ற இடத்தில் மூன்று நாளில் பெய்த மழை சுமார் 78 செ.மீ. கடலிலிருந்து வரும் காற்று ப்ளூ ரிட்ஜ் மலைச்சுவரில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் தன் நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். கடலுக்குத் தொலைவில் இருப்பது மலைக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பொய்க்கிறது. கரையில் பலமிழக்கும் புயல், காற்றைத்தான் இழக்கிறது, ஈரத்தை அல்ல.

வானிலைத் துறை சொல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. அந்த மலைப்பகுதிக்குப் பொறுப்பான தேசிய வானிலைச் சேவையின் கிரீன்வில்–ஸ்பார்ட்டன்பர்க் அலுவலகம், நவீன காலத்தில் அப்பகுதி கண்ட மிகப் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாக இது இருக்கும் என்று முன்கூட்டியே, ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. மழையளவும் வெள்ளமும் நிலச்சரிவும் அதில் பேசப்பட்டன. பல ஆண்டுகளாக முன்னறிவிப்பு என்றாலே தவறும் என்று பழகிய வாசகர்களுக்கு இது முக்கியம்: இங்கே கணிப்பு தவறவில்லை.

சரி, கணிப்பு இருந்தாலும் இந்த அளவு முன்னொருபோதும் நடக்காதது அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஷ்வில்லில் பிரெஞ்ச் பிராட் ஆறு இந்த முறை 24.67 அடி உயரத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய சாதனை 23.1 அடி. அது 1916 ஜூலையில், அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களின் மழையில் நிகழ்ந்தது. சுமார் 80 பேர் இறந்தார்கள். அதாவது ஹெலீனுக்கு 108 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆறு இதே உயரத்துக்கு ஒன்றரை அடி குறைவாக வந்து போயிருக்கிறது. அருகே ஓடும் ஸ்வானனோவா ஆற்றில் வித்தியாசம் இதைவிடப் பெரியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெப்பமாகிவிட்ட கடலும் காற்றும் ஹெலீனின் மழையைச் சுமார் பத்து சதவீதம் கூட்டியதாக உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு கணித்ததும் உண்மை. ஆனால் பத்து சதவீதம் கூடுவதற்கு முன்பே அந்த மழை பேரழிவுதான். 1940 ஆகஸ்ட், 1977 நவம்பர், 2004 செப்டம்பர், 2021 ஆகஸ்ட் என்று இந்த மலைகளில் வெள்ளம் உயிர் குடித்த மாதங்களைப் பாருங்கள். கோடையின் கடைசியும் இலையுதிர்காலமும் சேர்ந்த காலம் அது. சுற்றுலாப் பயணிகள் இலை பார்க்க வரும் பருவத்தின் வாசலிலேயே வெள்ளப் பருவமும் நிற்கிறது. அழகைப் பற்றி ஆண்டுதோறும் எழுதிய அளவுக்கு ஆபத்தைப் பற்றி எழுதவில்லை; அக்டோபர் வருமானத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் அதைப் பேச மனம் வராதது புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனாலும் அதற்கு விலை உண்டு. பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிக் குடியேறத் தகுந்த நகரம் என்று ஆஷ்வில்லின் பெயர் பட்டியல்களில் இடம்பெற்று வந்தது. நாட்டின் வானிலைப் பதிவுகளைக் காக்கும் தேசியக் காப்பகம் அமைந்திருப்பதும் அதே ஊரில்தான். புயலில் அந்தக் காப்பகத்தின் சேவைகளும் முடங்கின.

பழைய வெள்ளத்தை நினைவில் வைத்துச் செயல்பட்டால் பயன் உண்டா என்பதற்கு ஆஷ்வில்லின் குடிநீர் ஏற்பாடே சான்று. நகரத்துக்குப் பெரும்பங்கு நீர் தருவது நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கம். 2004 செப்டம்பரில் பிரான்சிஸ், ஐவன் என்ற இரண்டு புயல்களின் மிச்சம் மலைகளில் பெய்தபோது அங்கிருந்து வரும் பிரதான குழாய்கள் உடைந்து, நகரம் தண்ணீரில்லாமல் தவித்தது. அதன் பிறகு நிலத்துக்கு 25 அடி ஆழத்தில் ஒரு மாற்றுக் குழாய் பதித்தார்கள். அணையில், வெள்ளம் அளவு மீறினால் தானாகத் திறந்து வழிவிடும் துணை மதகும் கட்டி 2021-ல் முடித்தார்கள். ஹெலீன் இரண்டையும் சோதித்தது. மதகு வடிவமைத்தபடியே திறந்துகொண்டது, அணை நின்றது. அது உடைந்திருந்தால் கீழே பள்ளத்தாக்கில் இருந்தவர்களின் கதி என்ன என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் 25 அடி ஆழக் குழாயைப் புதிதாகத் தடம் வெட்டிய வெள்ளம் தோண்டி எடுத்துப் போனது. அணைக்குள் கலந்த களிமண் துகள்கள் வாரக்கணக்கில் அடியில் படியாமல் மிதந்தன. கலங்கிய நீரை வடிகட்டிகள் ஏற்கவில்லை. நீர்ப்பரப்பில் படிகாரம் தெளித்துத் தெளிய வைக்க வேண்டியிருந்தது. குழாயில் வரும் நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று நகரம் அறிவித்தது நவம்பர் 18-ல், 53-ஆம் நாளில். இந்த 53 நாளைக் காட்டி, முன்னேற்பாடு வீண் என்று சொல்பவர்கள் அதே ஏற்பாட்டில் நின்ற அணையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலையில் ஆற்றோரத்தை விட்டால் சமநிலம் ஏது, மக்கள் வேறு எங்கே போவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை நிறைய இருக்கிறது. மார்ஷல், சிம்னி ராக் போன்ற ஊர்கள் ஆற்றை ஒட்டி இருப்பதற்குக் காரணம், ரயில்பாதையும் சாலையும் கடைவீதியும் போட அங்கேதான் தரை இருந்தது. சரிவில் ஏறிக் கட்டினால் வேறு ஆபத்து. மலையின் மேல் மண் மெல்லிய போர்வை. அதற்குக் கீழே பாறை. இரண்டு சரிவுகள் சேரும் குழிவுகளில் நூற்றாண்டுகளாக மண் வழிந்து தேங்கியிருக்கும். மழைநீர் பாறைக்கும் மண்ணுக்கும் இடையே புகுந்து அழுத்தும்போது அந்தத் தேக்கம் முழுவதும் மரம், பாறாங்கல்லோடு சேர்ந்து குழம்பாகி ஓடிவரும். ஹெலீனில் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள் பதிவாயின. ஆஷ்வில்லுக்குத் தென்கிழக்கே ஃபேர்வியூ பகுதியில், தலைமுறைகளாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேரை ஒரு சரிவு கொண்டுபோனது. அவர்களிடம் போய், ஏன் அங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்பது கொடுமை. மண் எந்த வழியாக இறங்கும் என்பது நிலவியலாளர்களுக்குத் தெரிந்திருந்தும் அந்த அறிவு வீடுகளுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கான பதில் பதிவேடுகளில் இருக்கிறது. 2004 செப்டம்பரில் மேகன் கவுண்டியின் பீக்ஸ் கிரீக்கில் நிலச்சரிவு ஐந்து உயிர்களைப் பறித்த பிறகு, மலைக் கவுண்டிகள் 19-க்கும் நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரிக்க மாநிலச் சட்டமன்றம் 2005-ல் நிதி ஒதுக்கியது. மேகன், வாட்டாகா, ஆஷ்வில் அமைந்த பன்கம், ஹென்டர்சன் ஆகிய நான்கு கவுண்டிகளுக்கு வேலை முடிந்தது. 2011-ல் நிதி நிறுத்தப்பட்டு நிலவியலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏழு ஆண்டு கழித்துத்தான் பணி மீண்டும் தொடங்கியது. வரைபடம் வந்தால் நிலத்தின் விலை சரியும், சரிவில் கட்டத் தடை வரும் என்ற அச்சம் எதிர்ப்பாளர்களிடம் இருந்தது. 2023-ல் அதே சட்டமன்றம், அப்போதைய ஆளுநர் ராய் கூப்பரின் மறுப்பாணையையும் மீறி, வீட்டுக் கட்டுமான விதிகளைப் புதுப்பிப்பதை 2031 வரை தள்ளிவைத்தது. வீட்டு விலை ஏறிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். எளியவர்களுக்கு வீடு எட்டாமல் போவது உண்மையான கவலைதான். அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஹெலீனால் வட கரோலினாவுக்கு நேர்ந்த இழப்பும் தேவையும் சேர்ந்து 59.6 பில்லியன் டாலர் என்று மாநில அரசே கணக்கிட்டது. புயலின்போது பன்கம் கவுண்டியில் நூற்றுக்கு ஒரு வீட்டுக்குக்கூட வெள்ளக் காப்பீடு இருக்கவில்லை. கூட்டாட்சி வெள்ள வரைபடம் ஆற்றைப் பார்த்து வரைந்தது. வீட்டுக்குப் பின்னால் இறங்கும் ஓடையில் கொட்டும் மழையைப் பார்த்து வரைந்தது அல்ல. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் நிலச்சரிவும் சேராது. மலிவாகக் கட்டிய வீட்டின் மீதிப் பணத்தை இப்போது கட்டுபவர்கள் அந்த எளியவர்களேதான்.

இந்த இடத்தில் வலுவான ஒரு எதிர்வாதம் இருக்கிறது. பன்கம் கவுண்டிக்கு வரைபடம் முடிந்திருந்தது. அங்கேதான் 43 பேர் இறந்தார்கள், மாநிலத்திலேயே அதிகம். அப்படியானால் வரைபடத்தால் என்ன பயன்? வரைபடம் தனியாக யாரையும் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மழை முன்னறிவிப்போடு அதைச் சேர்த்துப் படித்து, இந்த இந்த வீட்டுக்காரர்கள் இன்று இரவு வெளியேறுங்கள் என்று பெயர் சொல்லி அழைக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. பக்கத்து மெக்டவல் கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். புயலுக்கு முன்பே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் துண்டறிக்கை அச்சிட்டு, தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். கதவு கதவாகத் தட்டவும் செய்தார்கள். கவுண்டிக்குக் கவுண்டி நிலமும் மழையும் வேறு என்பதால் இறந்தவர் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு முடிவுகட்டக் கூடாது. ஆனால் ஒரே முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்ய முடிந்தது என்பதாவது அதிலிருந்து தெளிவாகிறது.

அரசை நம்பாதே, அண்டை வீட்டாரை நம்பு என்ற குரலும் புயலுக்குப் பின் ஓங்கி ஒலித்தது. அண்டை வீட்டார் செய்தது சாதாரணம் அல்ல. செல்பேசிக் கோபுரங்களில் பெரும்பாலானவை செயலிழந்த நாட்களில் மிட்செல் சிகரத்தின் ரிப்பீட்டர் வழியாக ஹாம் ரேடியோக்காரர்கள் ஊர் ஊராகத் தகவல் கடத்தினார்கள். மக்கள் கார் ரேடியோவைத் திருகி உள்ளூர் வானொலியின் அறிவிப்புகளைக் கேட்டார்கள். பாதை போன இடங்களுக்குக் கோவேறு கழுதைகள் மருந்தும் உணவும் சுமந்தன. தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களும் தேவாலயங்களும் சமையற்கூடங்களாயின. இவற்றைப் படிக்கும் எவருக்கும் அந்த மக்கள்மேல் மரியாதை கூடும். ஆனால் இத்தனையும் மலை இறங்கிய பிறகு நடந்தவை. சரிவின் உச்சியில் மண் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று எந்தத் தேவாலயமும் அளக்க முடியாது. அதற்குச் சம்பளம் வாங்கும் நிலவியலாளர் வேண்டும்.

அரசு எந்திரத்தால் இந்த அளவு நுணுக்கமாக வேலை செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு விடை அதே இலையுதிர்காலத்தில் கிடைத்தது. புயல் அடித்துப் பத்து நாளில் மாநிலத் தேர்தல் வாரியம், இரு கட்சி உறுப்பினர்களும் ஒருமனதாக, பாதிக்கப்பட்ட கவுண்டிகளுக்கு அவசர விதிகள் வகுத்தது. சட்டமன்றம் அதை 25 கவுண்டிகளுக்கு விரிவாக்கியது. அக்டோபர் 17 அன்று முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியபோது மலைக் கவுண்டிகளில் ஏறக்குறைய எல்லா மையங்களும் திறந்திருந்தன. தேர்தல் நாளில் கட்டடம் போன இடங்களில் கூடாரத்தில் வாக்குச்சாவடி இயங்கியது. ஒவ்வொரு வாக்காளரும் எந்தச் சாவடிக்கு உரியவர், அது இடிந்திருந்தால் எங்கே போக வேண்டும் என்று பெயர்வாரியாகப் பட்டியல் இருந்தது. அதை நடத்தச் சட்டக் கட்டாயம் இருந்தது, ஆள் இருந்தது, பணம் இருந்தது. எந்த வீடு எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது என்ற பட்டியலுக்கு இந்த மூன்றும் 2011-ல் மறுக்கப்பட்டன. அன்று முடிந்திருந்த நான்கு கவுண்டிகளில், 78 செ.மீ. மழை கொட்டிய யான்சி இல்லை.