கழகம் யாருக்கு உரியது?

ஒரு கடையில் விலை ஏறினால் வாடிக்கையாளர் மறு கடையை நாடுவார். உதைபந்தாட்ட இரசிகரோ அவ்வாறு செய்வதில்லை. தம் கழகம் தோற்றாலும், நுழைவுச்சீட்டின் விலை ஏறினாலும், அவர் வேறொரு கழகத்திற்கு மாறுவதில்லை. வாணிகத்தின் கண்ணுக்கு இஃது அரியதொரு வாய்ப்பு. இந்தப் பற்றைப் பண்டமாகக் கருதும்போது என்ன நேரும் என்பதற்கு, இலண்டனின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டன் சான்றாக நிற்கின்றது.

டென்னிசுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் 1889 ஆம் ஆண்டில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தோன்றியது. நெடுங்காலம் சிறு கழகமாகவே இருந்த அது, 1977 இல் தேசிய லீக்கில் இடம்பெற்றது. 1988 இல் புகழ்பெற்ற லிவர்பூல் அணியை 1-0 என வென்று, இங்கிலாந்தின் சங்கக் கிண்ணத்தைச் சுவீகரித்தது.

1989 இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசற் பேரிடரின்பின், பெருங் கழகங்களின் மைதானங்களில் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. விம்பிள்டனின் பழைய பிளவ் லேன் மைதானம் அதற்கு ஏற்றதாயில்லை. 1991 இல் கழகம் அதனை நீங்கி, பிறர் மைதானத்தில் ஒண்டிக்குடியிருந்தது. மறு ஆண்டு பிறிமியர் லீக் தொடங்கியது. தொலைக்காட்சிப் பணம் பெருகியது. 1997 இல் நோர்வே நாட்டுச் செல்வர் கழகத்தை வாங்கினர். 2000 இல் அணி கீழ்ப் பிரிவிற்கு இறங்க, நட்டம் வளர்ந்தது. ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்ற்றன் கீன்ஸ் என்னும் புதுநகருக்குக் கழகத்தைப் பெயர்த்துச் செல்ல உரிமையாளர் விரும்பினர். 2002 மே மாதத்தில், மூவர் கொண்ட ஆணைக்குழு இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் அதற்கு இசைந்தது.

இரசிகர் என் செய்தனர்? சில நாள்களிலேயே ஏ.எவ்.சி. விம்பிள்டன் என்னும் புதுக் கழகத்தை நிறுவினர். ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரரைத் தேர்வுசெய்து, சிறு கழகங்களுக்குரிய தாழ்ந்த லீக் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கினர். ஒன்பது பருவங்களில் ஐந்து முறை உயர்வு பெற்று, 2011 இல் தேசிய லீக்கை அடைந்தனர். 1988 ஆம் ஆண்டு வெற்றியை நினைவூட்டும் கிண்ணத்தின் பிரதி 2007 இல் மில்ற்றன் கீன்சிலிருந்து விம்பிள்டன் பகுதிக்கு மீண்டது. 2020 நவம்பரில், பழைய இடத்திற்கு அண்மையிலேயே புதிய பிளவ் லேன் திறக்கப்பட்டது. அதற்கென இரசிகர் கடன்பத்திரங்கள் வாயிலாக 5 மில்லியன் பவுணுக்கு மேல் திரட்டித் தந்தனர்.

இது தனியொரு கழகத்தின் சிக்கலன்று. 2021 ஏப்ரிலில் ஐரோப்பாவின் 12 பெருங் கழகங்கள் தமக்கென ஒரு தனி லீக் அமைக்க முனைந்தன. இரசிகர் வீதியில் இறங்கினர். மூன்று நாள்களுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் விலகின. யேர்மனியிலோ, கழகத்தின் வாக்குரிமையிற் பெரும்பகுதி உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி.

வாணிகம் தீமை மட்டுமே தந்தது என்பதற்கில்லை. மைதானங்கள் பாதுகாப்பாயின, கடல் கடந்த நாட்டினரும் ஆட்டத்தைக் கண்டு களிக்கின்றனர். தொலைவிலிருப்போர் பற்றும் மெய்ப்பற்றே. ஆயினும், பெயரையும் ஆட்டக்காரரையும் விலைக்கு வாங்கலாம். ஞாயிறும் மழையும் பாராது வந்து நிற்கும் கூட்டத்தை விலைக்கு வாங்க இயலாது. விம்பிள்டன் உணர்த்தும் பாடம் இதுவே.